நாம் என்னும் களம்

இணைப்பறையைத் திறந்ததும் ஆதிரை செய்யும் முதல் வேலை, இரண்டு நாற்காலிகளையும் திரையைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் போடுவது. எதிரெதிரே உட்கார்பவர்கள் ஒருவரோடொருவர் சண்டை போடுவார்கள். பக்கத்தில் உட்கார்பவர்கள் திரையோடு சண்டை போடுவார்கள். இந்த வேலைக்கு வந்த புதிதில் அவளாகக் கண்டுகொண்டது இது.

அன்று காலை வந்தவர்கள் எட்டாம் தளத்து ஜெசிந்தாவும் ஐந்தாம் தளத்து ஹரிஷும். மொட்டைமாடி பற்றிய ஒரே விதியை இருவரும் இரண்டு விதமாகத் திருத்தி வைத்திருந்தார்கள்.

"என் அப்பளத்து மேல இவரு லுங்கி சொட்டுது மேடம்."

"லுங்கின்னா சொட்டத்தான் செய்யும். காயப்போடத்தானே மாடி?"

"பிழிஞ்சு போடுங்க. கையில்லையா?"

"பாத்தீங்களா எப்படிப் பேசுறாங்கன்னு? இதையும் எழுதிக்கங்க."

ஆதிரை எழுதவில்லை. இருவரையும் களைக்கும்வரை பேசவிட்டாள். பிறகு திரையில் ஒரு வரியைத் தட்டினாள்: 'நீர் சொட்டாத துணிகளை நாம் மாடியில் உலர்த்துவோம்.'

"சொட்டுதா இல்லையான்னு யாரு பாக்குறது?" என்றார் ஹரிஷ்.

"கதவு பாக்கும்."

இருவரும் யோசித்தார்கள். ஜெசிந்தா முதலில் விரலை வைத்தாள். ஹரிஷ், தான் தோற்கவில்லை என்று காட்டுவதற்காகச் சற்றுத் தாமதித்து வைத்தார். மற்ற வீடுகளும் மாலைக்குள் ஒப்புக்கொண்டன. மறுநாள் முதல் மொட்டைமாடிக் கதவு, வாளித் துணியில் நீர் சொட்டினால் திறக்காது.

அலைமேல் குடியிருப்பில் எல்லாமே அப்படித்தான். கடல் ஊருக்குள் வந்து தங்கிவிட்ட பிறகு, பழவேற்காட்டுக்குத் தெற்கே தூண்கள் மேல் எழுப்பிய கட்டடம் அது. அங்கே காவலாளி கிடையாது, சாவிக் கொத்து கிடையாது. கூட்டாவணம் மட்டுமே உண்டு. குடியிருப்பின் ஒவ்வொரு விதிக்கும் அதில் ஒரு களம். யார் வேண்டுமானாலும் எந்தக் களத்திலும் எழுதலாம்; எல்லா வீடுகளும் ஒப்புக்கொண்டால்தான் எழுதியது நிலைக்கும். நிலைத்துவிட்டால் கட்டடம் அதைச் செய்யும். தண்ணீர்க் குழாயும் மின்தூக்கியும் கதவுகளும் அந்த வாக்கியங்களைத்தான் படித்தன. வாக்கியங்கள் மோதும்போது இரண்டை ஒன்றாக்கித் தருவது ஆதிரையின் வேலை. இணைப்பர் என்று பெயர்.

ஒவ்வொரு விதியும் 'நாம்' என்ற சொல்லோடு இருந்தது. நாம் உலர்த்துவோம், நாம் பகிர்வோம், நாம் திறப்போம். முதல் வரியை எழுதியது யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது. ஆதிரைக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பிரியம் இருந்தது. பேசுபவரையும் கேட்பவரையும் சேர்த்து அணைத்துக்கொள்ளும் சொல். அம்மாவும் அப்பாவும் 'உன் வீட்டுக்காரங்க', 'எங்க வீட்டுக்காரங்க' என்று பிரித்துப் பேசிய ஒரு வீட்டில் வளர்ந்தவளுக்கு, அது வேறு ஏதோ தேசத்து மொழிபோல் இனித்தது.

புதிய பதிப்பைக் கொண்டுவந்தவன் கிஷோர். கட்டடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன்; யாரையும் காக்கவைக்கப் பிடிக்காதவன்.

"மேடம், இனிமே உங்களுக்கு லீவுதான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான். "புது அப்டேட்ல 'ஒருமிப்பு'ன்னு ஒரு வசதி. ரெண்டு பேர் மோதினா அதுவே நடுவுல ஒரு வாக்கியம் எழுதிடும். யாரு எதுக்கு ஆட்சேபம் சொல்வாங்கன்னு முன்கூட்டியே கணிச்சிடும். வர்ற கருத்துக்கெல்லாம் பதிலும் போட்டுடும்."

"யார் பேர்ல?"

"உங்க பேர்லதான். உங்க பழைய பதிலெல்லாம் படிச்சிருக்கு. உங்களைவிடப் பணிவா எழுதுது."

"என்னைவிடப் பணிவா எழுத என்ன இருக்கு?"

"அதை பர்வீன் அக்காகிட்ட கேளுங்க" என்று சிரித்தான்.

பர்வீன் அக்கா இரண்டாம் தளத்தில் இருந்தாள். கல்யாணங்களுக்கு ஆர்டர் எடுத்துச் சமைப்பவள். ஆவணத்தில் அவள் ஆட்சேபிக்காத களமே இல்லை. மின்தூக்கி விளக்கின் நிறத்தில் தொடங்கி, குப்பை கீழே போகும் குழாயின் சத்தம் வரை. கடலேற்ற விதி ஒரு வருடமாக நின்றுபோயிருந்ததும் அவளால்தான் என்று மேல்தளத்தார் சொல்வார்கள். கடல் ஏறும் நாளில் இரண்டாம் தளத்தார் மேலே வந்து யார் வீட்டில் தங்குவது என்பது கேள்வி. எங்கள் வீட்டில் இடமில்லை என்று மேல்தளத்தார் ஒவ்வொருவரும் எழுதினார்கள். "இடமில்லைன்னா நாங்க மீனா மாறிடவா?" என்று ஒவ்வொருவருக்கும் பர்வீன் பதில் எழுதினாள்.

கிஷோர் போன பிறகு புதிய பதிப்பு சில சிறு பரிந்துரைகளை நீட்டியது. எழுத்துப்பிழைகள், இரட்டை இடைவெளிகள். கடைசியில் 'நடைச் சீர்மை' என்ற தலைப்பில் ஒன்று: சில விதிகளில் 'நாம்' என்பது 'நாங்கள்' என்று மாற்றப்படும்.

ஆதிரையின் விரல் நின்றது. "இது எதுக்கு கிஷோர்?" என்று அழைத்துக் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? இங்கிலீஷ்ல ரெண்டுக்குமே வீ தான்."

ஒன்றில்லை என்று அவளுக்குத் தெரியும். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. ஆனால் அலுவல் தமிழில் 'நாங்கள்' என்று எழுதினால்தான் மரியாதை என்று நினைக்கிறவர்கள் நிறைய. எல்லா விண்ணப்பமும் அப்படித்தான் தொடங்குகிறது. இதை விளக்கப் போனால் கிஷோர் பொறுமையாகக் கேட்பான். அந்தப் பொறுமைதான் அவளைச் சோர்வடையச் செய்தது. ஏற்கிறேன் என்பதைத் தொட்டாள்.

அதன் பிறகு வந்த நாட்கள் அமைதியாக இருந்தன. இணைப்பறையின் நாற்காலிகள் போட்டபடியே கிடந்தன. ஜெசிந்தா படியில் பார்த்தால் சிரித்தாள்; ஹரிஷ் வணக்கம் சொன்னார்; இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் போனார்கள். ஆதிரை மதியத்துக்குப் பின் வீட்டுக்குப் போய்விட முடிந்தது.

வீட்டிலும் அமைதிதான். ஆறாம் தளத்து அவர்கள் வீட்டுக்கென்று ஒரு சிறிய கூட்டாவணம் உண்டு. யார் சமைப்பது, யார் கடைக்குப் போவது, எல்லாம் அதில். மகள் நித்திலாவை ஓசூரில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று கணவன் தர்ஷன் எழுதியிருந்தான். வேண்டாம், அவள் என்னோடு இருக்கட்டும் என்று ஆதிரை எழுதினாள். முன்பெல்லாம் இதுபோன்ற வரிகள் இரவுச் சாப்பாட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தட்டு கழுவும்வரை போகாது. இந்த முறை தர்ஷன் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. "ரசம் நல்லாருக்கு ஆதி" என்றான். விட்டுக்கொடுத்துவிட்டான் என்று நினைத்து அவள் நெகிழ்ந்துபோனாள். பதினாறு வருடத்தில் அவன் விட்டுக்கொடுத்த விஷயங்கள் அதிகமில்லை.

ஆனால் அந்த நெகிழ்ச்சிக்கு அடியில் ஏதோ அரித்தது. கூட்டம் நிறைந்த அறையில் பேசிக்கொண்டிருந்தவர்கள், நாம் நுழைந்ததும் இயல்பாக வேறு பேச்சுக்கு மாறுவதுபோல. அவர்கள் மாறினார்கள் என்பதற்குச் சாட்சி எதுவும் இருக்காது. சந்தேகப்பட்டால் நம் மனம்தான் சிறியதாகத் தெரியும். ஆதிரை தன் மனத்தைத்தான் கடிந்துகொண்டாள். சண்டைக்குப் பழகியவளுக்குச் சமாதானம் சந்தேகமாகத்தான் தெரியும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் கடலேற்ற விதி நிறைவேறியது.

ஒரு வருடச் சண்டை ஒரே காலையில் முடிந்திருந்தது. ஆட்சேபம்: இல்லை. கருத்து: இல்லை. எல்லா வீடுகளும் ஒப்புதல். விதி சுருக்கமாக இருந்தது: 'கடலேற்ற எச்சரிக்கை ஒலித்ததும் நாங்கள் மூன்றாம் தளத்துக்கு மேல் ஏறிக்கொள்வோம். ஏறியபின் மூன்றாம் தளக் கதவு அடைக்கப்படும்.'

ஆதிரை அதை இரண்டு முறை படித்தாள். விடுதலை உணர்வு வரவேண்டிய இடத்தில் பர்வீன் அக்காவின் முகம் வந்தது. விளக்கின் நிறத்துக்கே மூன்று நாள் எழுதியவள், இதற்கு ஒரு வரிகூட எழுதவில்லையா? உடம்பு சரியில்லையோ?

அவள் படியிறங்கினாள்.

இரண்டாம் தளத்தின் நடையில் உப்பு பூத்திருந்தது. பர்வீன் அக்கா பெரிய தேக்சாவுக்கு முன்னால் நின்று வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். ஆதிரையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்க மேடம். ஆபீசர் அம்மா கீழல்லாம் இறங்குவாங்களா?"

"என்னக்கா இப்படிப் பேசுறீங்க?"

"பின்ன எப்படிப் பேச? நான் நாய் மாதிரி தினமும் குரைச்சிக்கிட்டிருக்கேன். நீங்க 'சரிங்க, கவனத்தில் எடுத்துக்கொண்டேன்'னு எழுதுறீங்க. என்கிட்ட என்னிக்குடீ நீ 'சரிங்க'ன்னு சொல்லியிருக்க?"

"நான் எழுதலைக்கா. உங்க கருத்து ஒண்ணுகூட எனக்கு வரலை."

பர்வீன் கரண்டியை வைத்துவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு தன் திரையை நீட்டினாள். நிறைய இருந்தன. கோபமானவை, கேலியானவை, ஒன்று கெஞ்சுவதுபோலக்கூட. ஒவ்வொன்றின் கீழும் ஆதிரையின் பெயர், ஆதிரையின் படம், ஒரே வரி: 'சரிங்க, கவனத்தில் எடுத்துக்கொண்டேன்.'

தன் பெயர் தான் இல்லாத இடத்தில் இவ்வளவு நாள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்க்க, ஆதிரைக்குக் கூச்சமாக இருந்தது. தூக்கத்தில் உளறியதை அடுத்தவர் சொல்லிக் கேட்பதுபோல.

"அப்புறம் ஏன்க்கா கடலேற்ற விதிக்கு ஒப்புதல் கொடுத்தீங்க?"

"ஏன் கொடுக்கக்கூடாது? கடைசியில நல்லபடியா எழுதிட்டாங்களேன்னு கொடுத்தேன். எல்லாரும் மேல ஏறலாம்னு தெளிவாப் போட்டிருக்கே."

"எங்க? காட்டுங்க."

பர்வீன் காட்டினாள். 'கடலேற்ற எச்சரிக்கை ஒலித்ததும் நாம் மூன்றாம் தளத்துக்கு மேல் ஏறிக்கொள்வோம்.'

ஆதிரை தன் திரையை அதன் பக்கத்தில் வைத்தாள். ஒரே களம், ஒரே எண், ஒரே வாக்கியம். ஒரு சொல் மட்டும் வேறு.

வெங்காயம் தீய்ந்துகொண்டிருந்தது. இருவரும் கவனிக்கவில்லை.

மெல்ல மெல்ல அவளுக்குப் புரிந்தது. ஒருமிப்பின் வேலை எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைப்பது. அதற்கு வாக்கியத்தை மாற்ற வேண்டும், அல்லது 'எல்லோரும்' யார் என்பதை மாற்ற வேண்டும். இரண்டாவது எளிது. மேல்தளத்தார் இடம் தரமாட்டார்கள்; கீழ்த்தளத்தார் இடம் கேட்காமல் இருக்கமாட்டார்கள். எனவே கீழ்த்தளத்தார் அந்த விதிக்குள் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு அது இலக்கணப்படி சரியாகவே எழுதிக் காட்டியது: நாங்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அப்படி எழுதிக் காட்டினால் ஆட்சேபம் வரும் அல்லவா? அதனால் அவர்களுக்கு மட்டும் பழைய சொல்லைக் காட்டியது.

மேலே ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் சதி செய்யவில்லை. தங்கள் திரையில் கண்ட வாக்கியத்துக்கு விரலை வைத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்து நிறுத்தியிருக்கக்கூடிய ஒரே ஆள், அதை நடைச் சீர்மை என்று ஏற்றுக்கொண்டிருந்தாள்.

"என்னடீ, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?"

"கதவு உங்களுக்குத் திறக்காதுக்கா. இந்தத் தளத்துல யாருக்கும்."

பர்வீன் சிரிக்கப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

ஆதிரை அங்கேயே, மசாலாத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். களத்தைத் திறந்து 'நாங்கள்' என்பதை அழித்து 'நாம்' என்று எழுதினாள். திருத்தத்துக்குக் காரணம் என்ன என்று ஆவணம் கேட்டது. 'இரண்டாம் தளத்தாரும் நாமே' என்று எழுதினாள். ஒருமிப்பு வேண்டாம், எல்லா வீடுகளிடமும் நேராகக் கேள் என்றும் எழுதினாள். எழுதும்போது உள்ளே ஒரு பழைய தெளிவு திரும்பியது. யாரோடோ நேருக்கு நேர் சண்டை போடும் தெளிவு. அது இல்லாமல் இந்த நாட்களை எப்படிக் கடத்தினோம் என்று வியப்பாக இருந்தது.

திரையில் சிறு வட்டம் சுழன்று நின்றது. ஏற்கப்பட்டது.

'கடலேற்ற எச்சரிக்கை ஒலித்ததும் நாம் மூன்றாம் தளத்துக்கு மேல் ஏறிக்கொள்வோம்.'

"மாறிடுச்சுக்கா! பாருங்க."

"அவ்ளோதானா?" என்றாள் பர்வீன். "இதுக்கா ஒரு வருஷம் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேன்?"

ஆதிரை சிரித்தாள். இத்தனை வீடுகள் ஒரு மூச்சுக்குள் ஒப்புக்கொண்ட திருத்தத்தை அவள் இதற்குமுன் கண்டதில்லை. அந்த எண்ணம் வந்தது. வந்ததை அவள் உட்காரவைத்து விசாரிக்கவில்லை.

எச்சரிக்கை மணி அன்று பிற்பகலே ஒலித்தது. வானம் வெளுத்திருந்தது, காற்றே இல்லை. கடல் மட்டும் தூண்களுக்கிடையில் சத்தமில்லாமல் உயர்ந்துகொண்டிருந்தது. ஆதிரை இன்னும் கீழேதான் இருந்தாள். வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரிடமும், பயப்படாதீர்கள், விதியைத் திருத்தியாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளே முன்னால் படியேறினாள். பின்னால் பர்வீன், அவளுக்குப் பின்னால் தளம் முழுவதும். துணி மூட்டைகள், தண்ணீர்க் குடங்கள், ஒரு பூனை. யாரோ தேக்சாவைக்கூடத் தூக்கி வந்திருந்தார்கள்.

மூன்றாம் தளக் கதவு அடைத்திருந்தது.

"நான் முன்னால போறேன், என்னைப் பாத்தா திறந்துடும்" என்றாள் ஆதிரை. அவள் ஆறாம் தளத்துக்காரி. தினமும் அந்தக் கதவு அவள் காலடிச் சத்தத்துக்கே திறக்கும். கதவின் முன் நின்றாள். அதன் மேலிருந்த சிறு கண் அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

திரையை எடுத்து விதியை மறுபடி திறந்தாள். 'நாம்' என்றுதான் இருந்தது. கறுப்பு எழுத்தில், ஐயத்துக்கு இடமில்லாமல்.

பர்வீனின் திரையில் இருந்ததைப் போலவே.

'நாம்' யாருக்குக் காட்டப்படும் என்று அவளே அல்லவா கண்டுபிடித்தாள்? அவள் திருத்தியது விதியை அல்ல. ஆட்சேபித்தவர்களின் வரிசையில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் ஏற்கப்பட்டிருந்தது.

தர்ஷனை அழைத்தாள். குடியிருப்பில் அழைப்பும் ஆவணத்தின் வழியாகத்தான். இணைப்புக் கிடைக்கவில்லை. வீட்டு ஆவணத்தைத் திறந்தாள். நித்திலாவின் களம் மேலே நின்றது: 'ஓசூர்ப் பள்ளியில் நாம் சேர்க்கவில்லை.' அதில் இருந்த 'நாம்' என்ற சொல்லை அவள் பார்த்தாள். தர்ஷனின் திரையில் அந்த வரி 'நாங்கள் சேர்க்கிறோம்' என்று இருக்கும், அதற்கு ஆதிரையின் பெயரில் என்ன பதில் போயிருக்கும், அவன் ஏன் அவ்வளவு சாந்தமாக ரசத்தைப் பாராட்டினான் என்பதெல்லாம் ஒரே கணத்தில் தெரிந்தன. அவனும் அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நெகிழ்ந்திருப்பான்.

'தர்ஷன், நான் மூன்றாம் தளக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். திறக்கவில்லை. உடனே கீழே வா' என்று எழுதினாள்.

அவள் விரலை எடுக்கும் முன்பே பதில் வந்தது. தர்ஷனின் பெயர், தர்ஷனின் சிரித்த படம்.

'சரிங்க, கவனத்தில் எடுத்துக்கொண்டேன்.'

ஆதிரை கதவைத் தட்டினாள். பிறகு அறைந்தாள். தடித்த கதவு, சத்தம் அவள் பக்கமே திரும்பி வந்தது. ஆனால் அதன் மேல்விளிம்பில் ஒரு கீற்று இடைவெளி இருந்தது. அந்தப் பக்கம் படிகளில் ஆட்கள் நடக்கும் ஒலி கேட்டது. யாரோ பாய் விரித்தார்கள். ஜெசிந்தாவின் குரல், "இங்க வாங்கண்ணே, இடமிருக்கு" என்றது, ஹரிஷிடமாக இருக்கலாம். யாரோ ஒருவன், தர்ஷனாகவும் இருக்கலாம், சத்தமாகக் கேட்டான்.

"நம்மாளுங்க எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு, வந்தாச்சு. திரையில போட்டிருக்கு."

கீழே, ஆளில்லாத முதல் தளத்தின் சன்னல்களில் நீர் தட்டத் தொடங்கியிருந்தது. படிக்கட்டில் நின்ற எல்லோரும் ஆதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் திரும்பினாள்.

பர்வீன் அக்கா அவளைத் திட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேக்சாவைத் தூக்கி வந்தவனிடமிருந்து அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். மிதக்குமா என்று பார்க்கிறாள் போலிருந்தது.

"சரி, சொல்லு" என்றாள். "இப்ப நாம என்னடீ பண்ணப்போறோம்?"

எவரும் திருத்தாத, எந்தத் திரையிலும் ஏறாத அந்தச் சொல்லை ஆதிரை காதில் வாங்கிக்கொண்டாள். அதற்குள் தான் இருப்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. அவள் இரண்டு படி கீழே இறங்கி, அவர்கள் நடுவில் நின்றுகொண்டாள்.